எங்க வீடு கடலுக்கு எத்தனை அடி மேல?

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. வீட்டை எத்தனை அடி தூக்கணும்னு ஜாக்கிக்காரர்கிட்ட சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்.

தூத்துக்குடிக்கு வெளிய இருக்கிறவங்களுக்காக ஒரு விளக்கம். எங்க தெருவுல ரோடு போடும்போது பழைய ரோட்டைத் தோண்ட மாட்டாங்க. அது மேலயே புதுசைப் போட்டுட்டுப் போயிருவாங்க. ரோடு வளரும், வீடு வளராது. ஐப்பசி மழை பெய்ஞ்சா ரோட்டுத் தண்ணி நேரா எங்க வீட்டுக்குள்ள வந்து, ஹாலைச் சுத்திப் பாத்துட்டு, அடுக்களையில போய்த் தங்கிரும்.

இப்ப அதுக்கு ஒரு வைத்தியம் வந்திருக்கு. வீட்டை இடிக்க வேண்டாம். சுவருக்கு அடியில வரிசையா ஜாக்கி வச்சு, லாரிக்கு டயர் மாத்துற மாதிரி முழு வீட்டையும் மெதுவா மேல தூக்கிருவாங்க. கீழ இருக்கிற இடைவெளியில புதுசா செங்கல் கட்டிருவாங்க.

போன மழையில எங்க ஃப்ரிட்ஜ் அடுக்களையில இருந்து ஹாலுக்கு மிதந்து வந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் என் வீட்டுக்காரி ஜெயா ரொம்ப அமைதியா சொன்னா.

"இந்தா பாருங்க. அடுத்த மழைக்கு இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி வந்துச்சுன்னா, நான் ஆத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் தண்ணியுமா சேர்ந்து குடும்பம் நடத்துங்க."

ஜெயா கத்தினா எனக்குப் பயம் கிடையாது. அமைதியாப் பேசினாத்தான் பயம். அதான் ஜாக்கிக்காரர் முருகேசனைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தாரு, வீட்டைச் சுத்திப் பாத்தாரு. "எத்தனை அடி சார்?"

"நீங்களே பாத்து ஒரு அளவு சொல்லுங்களேன்."

"நான் தூக்குற ஆளு சார். அளவு வீட்டுக்காரங்கதான் சொல்லணும். சாயங்காலம் சொல்லலேன்னா ஆளுகளை வேற வேலைக்கு அனுப்பிருவேன்."

புத்தியுள்ள எவனும் மூணு அடின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். ஆனா நான் பாத்திரக்கடைக்காரன். ஒரு குத்துவிளக்கு விக்கவே நாலு தடவை எடை போடுவேன். இவ்வளவு பெரிய வீட்டைக் கண்ணளவுல தூக்க மனசு வரல. கடல் மட்டத்துல இருந்து நம்ம வீடு எவ்வளவு உயரம்னு தெரிஞ்சா கணக்கு சுத்தமா இருக்குமேன்னு எனக்கு ஒரு ஞானம் பிறந்துச்சு.

போன்ல உயரம் பாக்குற ஆப் ஒண்ணை இறக்கினேன். ஹால் நடுவுல நின்னு அமுக்கினேன்.

கடல் மட்டத்துக்குக் கீழே தொண்ணூறு மீட்டர் சொச்சம்னு காட்டுச்சு.

எனக்கு மூச்சு முட்டுற மாதிரி ஆயிருச்சு. மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கயும் கடலுக்கு அடியிலதான் இருந்தேன். தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு பாத்தேன். ஒண்ணும் பெரிய முன்னேற்றம் இல்ல.

ஜெயாவோட தம்பி ரவி ஹார்பர்ல வேலை பாக்கான். போட்டுல போய்க் கடலுக்கு அடியில ஆழம் அளக்குற வேலை. அவனுக்குப் போனைப் போட்டேன்.

"மாப்ள, நம்ம வீடு கடலுக்குத் தொண்ணூறு மீட்டர் கீழ இருக்காம்ல."

"எந்தக் கடலுக்கு அத்தான்?"

"எத்தனை கடல் இருக்கு? நம்ம கடல்தான்."

"அப்படிச் சொன்னா எப்படி? கடல் மட்டம்னு ஒண்ணே ஒண்ணு கிடையாது அத்தான். யாரு அளக்காங்கங்கதைப் பொறுத்தது."

நான் மாடிப்படியில உக்காந்துட்டேன்.

"உங்க போன் இருக்குல்லா, அது பூமியை வழுவழுன்னு ஒரு உருண்டையா நெனச்சுக்கிட்டு அளக்குது. நெசத்துல பூமி அப்படியா இருக்கு? நம்ம பக்கம் இழுவிசை கொஞ்சம் கம்மி. அதனால கடலே அந்த உருண்டைக்குத் தொண்ணூறு மீட்டர் கீழ பள்ளத்துலதான் கெடக்கு."

"அதான் ஊருத் தண்ணியெல்லாம் என் வீட்டுக்கு வாருதா?"

"அது வேற பள்ளம் அத்தான்."

"சரி, உங்க ஹார்பர்க் கணக்கையே சொல்லு."

"எங்களுக்கு சைபர்னா, தண்ணி ரொம்ப வத்திக் கெடக்கும்போது எங்க நிக்குமோ அது. கப்பல் தரை தட்டிரக் கூடாதுல்லா. சர்வே ஆபீஸ்காரங்களுக்கு சைபர்னா, கடலோட ஏத்தம் வத்தம் எல்லாத்தையும் வருசக்கணக்கா அளந்து எடுத்த சராசரி. ரெண்டும் ஒத்து வராது."

"மாப்ள, எனக்கு ஏதாவது ஒரு கடல் மட்டத்தைக் கொடுல. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"உங்களுக்கு எதுக்கு அத்தான் கடல்? வீட்டுக்குள்ள வாரது ரோட்டுத் தண்ணி. ரோட்டைப் பாத்துத் தூக்குங்க."

இதைத்தான் நான் காதுல வாங்கியிருக்கணும். வாங்கல. நான் விட மாட்டேன்னு தெரிஞ்சதும் அவன் சொன்னான். "ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் போர்டுல ஊர் பேருக்குக் கீழ சராசரி மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னு எழுதியிருக்கும். போய்ப் பாருங்க. என்னை விடுங்க, போட்டு கிளம்புது."

ஸ்டேஷன் எங்க தெருவுல இருந்து நடக்குற தூரம். அங்க இருக்கிற உயரத்தை எங்க வீடு வரைக்கும் கொண்டுவந்தா வேலை முடிஞ்சுது. எப்படிக் கொண்டுவாரது? கொத்தனாருங்க வச்சிருக்கிற தண்ணி டியூப் இருக்கே. நீளமான பிளாஸ்டிக் டியூப்ல தண்ணியை நிரப்பி, ரெண்டு முனையையும் ரெண்டு பேரு பிடிச்சா, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அங்க ஒரு கோடு, இங்க ஒரு கோடு. இப்படியே கோடு மேல கோடா போட்டு வீட்டுக்கு வந்துரலாம். வீடு கட்டுறவன் சுவருக்குச் சுவர் செய்யுறதை நான் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து செய்யப் போறேன், அவ்வளவுதான்.

ரெண்டாவது ஆளு வேணுமே. எதிர்த்த வீட்டுப் பால்துரை அண்ணாச்சி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. அவர் வீட்டையும் இதே முருகேசன்தான் தூக்குறாரு.

"டியூப்பைத் தூக்கிக்கிட்டு எங்க போறிய?"

சொன்னேன்.

"ஒத்தையில எப்படிப் பிடிப்பிய? நானும் வாரேன்."

எங்க தெருவுல மகளுக்கு எத்தனை பவுன் போட்டாங்கன்னு கேக்காமலே சொல்லுவாங்க. வீட்டை எத்தனை அடி தூக்குறாங்கன்னு மட்டும் உயிர் போனாலும் சொல்ல மாட்டாங்க. எந்த வீடு தாழ்ந்திருக்கோ அந்த வீட்டுக்குள்ள மொத்தத் தெருத் தண்ணியும் போகும். அண்ணாச்சி வந்தது டியூப் பிடிக்க இல்ல, என் நம்பரைத் தெரிஞ்சுக்கிட. அது தெரிஞ்சும் கூட்டிட்டுப் போனேன். எனக்கு வேற ஆளு இல்ல.

ரெண்டு பேருக்கும் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தோம். போர்டு இருந்துச்சு, உயரமும் எழுதியிருந்துச்சு. ஆனா அந்த உயரம் போர்டுல எந்த இடத்துக்கு?

"எழுத்துக்குத்தான். எழுத்துலதான எழுதியிருக்கு" அப்படின்னாரு அண்ணாச்சி.

"போர்டைத் தூக்கி மாட்டினா ஊரே உயர்ந்துருமா அண்ணாச்சி? பிளாட்பாரத்துக்குத்தான் இருக்கும்."

அங்கன வந்த ஒரு ரயில்வேக்காரர்கிட்ட கேட்டோம். அவர் எங்களையும் டியூப்பையும் மாறி மாறிப் பாத்தாரு. "எந்த ட்ரெயினுக்குப் போணும்?"

பிளாட்பாரம்னு நாங்களே முடிவு பண்ணி ஆரம்பிச்சோம். தூண்ல ஒரு சாக்பீஸ் கோடு. ஸ்டேஷன் வாசல் சுவருல ஒரு கோடு. டீக்கடைப் பலகையில ஒரு கோடு. டீக்கடைக்காரரு, "என்னவே, கடையை இடிக்கப் போறாங்களா?"ன்னு பதறிட்டாரு. அவரைச் சமாதானப்படுத்த ரெண்டு டீ குடிக்க வேண்டியதாப் போச்சு.

ரோட்டைத் தாண்டும்போது டியூப்பை ரோட்டுல கிடத்தினோம். ஒரு மினி பஸ் அது மேல ஏறிச்சு. மறு முனையைக் கண்ணுக்கு நேரா வச்சு உத்துப் பாத்துக்கிட்டு இருந்த அண்ணாச்சி மூஞ்சியில தண்ணி பீச்சி அடிச்சுது. அவர் துண்டால துடைச்சுக்கிட்டு, "மட்டம் கொஞ்சம் கூடக் காட்டுது"ன்னாரு.

மறுபடி தண்ணி நிரப்பிப் பிடிச்சோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோடு போடச் சுவரே இல்ல. ஆனா ஒரு ஆட்டோ நின்னுச்சு. அண்ணாச்சி அதோட பக்கவாட்டுல அழகா ஒரு கோட்டைப் போட்டாரு. நான் டியூப்பைச் சுருட்டி எடுத்துக்கிட்டு நிமிந்தேன்.

ஆட்டோ கிளம்பிருச்சு.

"அண்ணாச்சி, கடல் மட்டம் போவுது."

ரெண்டு பேரும் துரத்துனோம். நான் டியூப்போட, அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. எதிர்ல வந்த ஒருத்தரு, "எதைத் தொலைச்சிய?"ன்னு அக்கறையாக் கேட்டாரு.

நல்லவேளை, ஆட்டோ சவாரியை இறக்கிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்துச்சு. கோடு அழியல. அவசரமா டியூப்பைப் பிடிச்சோம். அதுக்குள்ள ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோட ஆட்டோவுல ஏறிச்சு. ஆட்டோ உக்காந்துச்சு, கோடும் நாலு விரக்கடை இறங்கிருச்சு.

அண்ணாச்சி குனிஞ்சு கோட்டைப் பாத்தாரு. "ஏத்தம் வத்தம்னு உங்க மச்சினன் சொன்னாம்னியளே, இதுதானா?"

அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல.

வீட்டுக்கு வந்தா முருகேசன் வாசல்ல காத்துக்கிட்டு இருக்காரு. பக்கத்துல ஜெயா. என் கையில டியூப் மட்டுந்தான் இருந்துச்சு.

"நம்பர் எங்க?"ன்னு ஜெயா கேட்டா.

"கடல் மட்டம் ஒரு நிலையில இல்ல ஜெயா."

அவ என்னைப் பாக்கவே இல்ல. முருகேசன் பக்கம் திரும்பி, எதிர்த்த வீட்டுக்குக் கேக்காம, "அங்க எவ்வளவோ அதைவிட ஒரு படி கூட"ன்னு சொன்னா. அவரும் ரொம்ப மரியாதையாத் தலையாட்டினாரு.

எங்களுக்குத் தெரியாத விசயம் என்னன்னா, எதிர்த்த வீட்டுலயும் இதையேதான் சொல்லியிருக்காங்க. முருகேசன் தொழில்ல நேர்மையான ஆளு. யார் பேச்சையும் தட்ட மாட்டாரு.

எங்க வீடு ஒரு படி ஏறிச்சு. மறுநாள் எதிர்த்த வீடு அதைவிட ஒரு படி ஏறிச்சு. அடுத்து எங்க வீடு. நாங்க கடையிலயே படுத்துக்கிட்டு, தினமும் காலையில வந்து அண்ணாந்து பாப்போம். அண்ணாச்சியும் குடும்பத்தோட வந்து அண்ணாந்து பாப்பாரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப அன்பா, "சாப்டாச்சா?"ன்னு கேட்டுக்கிடுவோம். கடைசியில முருகேசனே கையை விரிச்சுட்டாரு. "இதுக்கு மேல ஜாக்கி நீளாது சார்."

ரெண்டு வீட்டு வாசப்படியும் சரிசமமா, என் தலைக்கு மேல நின்னுச்சு. செங்கல் கட்டி, பூசி, கூலி வாங்கிட்டு அவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் சாமானை உள்ள கொண்டுபோகப் பாத்தோம். எங்க வாசலும் அண்ணாச்சி வாசலும் நேரா ரோட்டுலதான் திறக்கும். அவ்வளவு உயரத்துக்குப் படி கட்டினா ரோட்டைத் தாண்டி எதிர்த்த வீட்டுக்குள்ள போய்த்தான் முடியும். கடைசியில ரெண்டு வீட்டுக்குமாச் சேர்த்து ஒரு மூங்கில் ஏணி வாங்கினோம்.

மழை வந்துச்சு. தெரு நிறையத் தண்ணி. எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. ரவி போன்ல, "அக்கா ஆத்தூருக்குக் கிளம்பிட்டாளா அத்தான்?"னு கேட்டான்.

"கோவத்துல ரெண்டு தடவை கிளம்பினா மாப்ள. ஏணி எதிர்த்த வீட்டுல இருந்துச்சு."