போவதற்கு மட்டும் சார்ஜ்

கண்டாச்சிபுரத்தில் காலடி எடுத்து வைப்பதில்லை என்று நான் முடிவெடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. என் முடிவுகளில் நிலைத்து நின்றது இது ஒன்றுதான். தினமும் நடப்பது, இனிப்பைக் குறைப்பது, என் மனைவி வெண்ணிலாவை எதிர்த்துப் பேசுவது, எல்லாம் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. அதனால் இந்த முடிவின் மேல் எனக்குத் தனி மரியாதை.

கண்டாச்சிபுரத்தில் இருப்பவர் துரைக்கண்ணு. வெண்ணிலாவின் ஒரே அண்ணன். அவர் வீட்டுக் காதுகுத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம். "மாப்ள, கொஞ்சம் பின்னால போய் நில்லுங்க. உங்க தலையில வெளிச்சம் பட்டு எங்க மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போவுது" என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். போட்டோக்காரரும் சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. அந்தப் படத்தில் அறுபது பேரும் கலங்கலாக இருக்கிறார்கள். என் தலை மட்டும் தெளிவாக இருக்கிறது.

அன்றைக்குச் சாப்பிடாமல் திண்டிவனம் திரும்பியவன்தான். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது என் மகள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். இன்னும் இருபது நாள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை தபாலில் போகாது. புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் போனால் கொடுத்ததாகவே ஆகாது. தாய்மாமன் விஷயம் இன்னும் பெரிது. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவர்தான். வெண்ணிலாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பதும் அந்த ஒரு வீடுதான்.

வெண்ணிலா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "அண்ணனுக்குப் பத்திரிகை வெக்க எப்பங்க போறோம்?"

"பாக்கலாம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். சண்டை இல்லை. அழுகை இல்லை. குழம்பில் உப்புக்கூடச் சரியாக இருந்தது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பத்திரிகை வைக்க வண்டி வேண்டுமே என்று வாடகைக் கார் விடும் தேவாவிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "முகூர்த்த மாசம் சார். பெட்ரோல் வண்டி ஒண்ணுகூட இல்ல. பேட்டரி வண்டி ஒண்ணு கீது. பழசு. ஃபுல்லா சார்ஜ் போட்டா நூத்திப்பத்து கிலோமீட்டர்தான் ஓடும்" என்றார்.

வேறு யாராவது இருந்தால் வேண்டாம் என்று வந்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஏனென்றால் பேட்டரி கார் எனக்குப் புதிதல்ல. போன வருடம் நார்வேயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனோம். அங்கே மகன் ஒரு பேட்டரி காரை வாடகைக்கு எடுத்து மலைப்பாதையில் கூட்டிப் போனான். முதல் சார்ஜ் நிலையத்தில் வரிசை. இரண்டாவது நிலையத்தில் செயலி ஒன்றை இறக்கச் சொன்னது. இறக்கினால் அந்த ஊர்ப் பாஷையில் எட்டுக் கேள்வி கேட்டது. மூன்றாவது நிலையத்தில் ஒயர் காரை விட்டு வர மறுத்தது. நானும் மகனும் இழுத்தோம். கடைசியில் ஒரு வீட்டம்மா இரக்கப்பட்டு, தன் வீட்டுச் சுவரில் இருந்த சாதாரணப் பிளக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெண்ணிலா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் தூங்கினாள்.

அன்றைக்கு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பேட்டரி கார் நாம் நினைத்த ஊருக்குப் போகாது. சார்ஜ் விட்ட வழிதான் போகும். போக முடியாத ஊருக்குப் போகவில்லை என்று யாரும் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து கண்டாச்சிபுரம் இன்னும் இருபத்தைந்து. "ஃபுல்லா சார்ஜ் போடாதீங்க, பேட்டரி கெட்டுடும்" என்று தேவாவிடம் சொல்லி வைத்தேன். வண்டி எண்பத்தைந்து கிலோமீட்டருக்கான சார்ஜோடு வந்தது. விழுப்புரத்தில் என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பத்தான் அது காணும்.

விழுப்புரம் பைபாஸில் ஒரு ஓட்டலில் சார்ஜ் போடும் இடம் இருப்பது தெரியும். முந்தின நாளே போன் செய்தேன். எல்லோரும் அது வேலை செய்கிறதா என்று கேட்கப் போன் செய்வார்கள். நான் அது கெட்டுத்தான் கிடக்கிறதா என்று கேட்கப் போன் செய்தேன். "பத்து நாளா ரிப்பேருங்க" என்றார்கள். நன்றி சொல்லி வைத்தேன். நான் சந்தோஷப்பட்டதைக் கேட்டு அவர்களுக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். முந்நூறு பத்திரிகையும் வெண்ணிலாவின் மடியில். வழியெல்லாம் நான் வருத்தப்பட்டுக்கொண்டே ஓட்டினேன். இப்படி ஒரு வண்டி வாய்த்துவிட்டதே, கண்டாச்சிபுரம் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று நினைத்தேனே, என்று நாலு முறை பெருமூச்சு விட்டேன். அவளும் பாவமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தாள்.

விழுப்புரம் வந்தபோது வண்டியில் நாற்பத்தேழு கிலோமீட்டர் பாக்கி இருந்தது. சித்தப்பா மகன் வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவி புனிதா வரவேற்று இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வைத்தாள். நான் ஏழு இட்லி சாப்பிட்டேன். திட்டம் பலித்தால் எனக்குப் பசிக்கும்.

கை கழுவிவிட்டு, "சரி, பத்திரிகையை எடு, வெச்சிட்டுக் கெளம்பலாம்" என்றேன்.

"பத்திரிகை வண்டியில கீது" என்றாள் வெண்ணிலா.

"போய் எடுத்துக்கினு வா."

"அண்ணனுக்கு வெக்காம நான் யாருக்கும் வெக்க மாட்டேங்க. புனிதா கிட்ட சொல்லிட்டேன். திரும்பி வரும்போது அவளுக்கு வெக்கலாம்."

புனிதா, "ஆமாங்க மாமா, தாய்மாமனுக்கு முந்தி எங்களுக்கு வெச்சா நல்லா இருக்காது" என்றாள். இவளும் அந்தக் கட்சி.

முந்நூறு பத்திரிகையும் கண்டாச்சிபுரத்தின் பின்னால் வரிசையில் நிற்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் என் கையில் சார்ஜ் இருந்தது. அதாவது, இல்லை. நிதானமாக விளக்கினேன். இருப்பது நாற்பத்தேழு. வீட்டுக்குப் போக முப்பத்தெட்டு. நான் என்ன செய்வேன், எனக்கு மட்டும் ஆசை இல்லையா.

"இப்ப அறுபது இருக்கும், போய்ப் பாருங்க" என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். புனிதாவின் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, செம்பருத்திச் செடியைச் சுற்றி, வண்டியின் மூக்கில் சொருகியிருந்தது. உள்ளே கிரைண்டர் தன் பிளக்கைப் பறிகொடுத்துவிட்டு ஓரமாக நின்றது. வண்டியின் திரையில் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தேன். அறுபது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நார்வேயில அந்த வீட்டம்மா சொருவினாங்களே, பாத்துக்கினுதான இருந்தேன்."

"நீ தூங்கினு இருந்தியே."

"அப்பாவும் புள்ளையும் அந்தக் கத்து கத்தினா யாருக்குங்க தூக்கம் வரும்?"

தோற்றவன் அடுத்த வாசலைத் தேடுவான். இன்னும் நாலு மணி நேரம் விட்டால் கண்டாச்சிபுரம் போய் வீட்டுக்கே திரும்பிவிடலாம், ஃபுல்லாகப் போடட்டும் என்றேன். அதற்குள் மாலையாகிவிடும், வேறொரு நாள் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அவள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். "பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்ட வெக்கணும். போறதுக்கு அறுபது போதும். ஜல்தி ஏறுங்க."

வண்டியை ஓட்டிக்கொண்டே நான் மனத்துக்குள் வேறு திட்டம் போட்டேன். போவது போவோம். தட்டை நீட்டுவது, தலையை ஆட்டுவது, ஒரு வாய் தண்ணீர் குடிப்பது. ஐந்து நிமிடம். வாசலில் நின்ற மேனிக்கே. முடிவு முழுதாக உடையாது. கொஞ்சம் விரிசல்தான் விடும்.

பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். துரைக்கண்ணு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பதினோரு வருடத்தில் நன்றாக இளைத்திருந்தார். நாங்கள் தட்டை நீட்டினோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"அப்ப நாங்க கெளம்பறோம்" என்றேன்.

"எப்படிங்க கெளம்பறது?" என்றாள் வெண்ணிலா. "வண்டியில முப்பத்தஞ்சுதான இருக்குது. திண்டிவனம் போவ அறுபத்து மூணு வேணுமே."

"விழுப்புரம் வரைக்கும் போய், புனிதா வீட்டுல போட்டுக்கலாம்."

"புனிதா வீட்டப் பூட்டிக்கினு மயிலம் கோயிலுக்குப் போயிருக்கா. சாயங்காலம் ஆவும்."

துரைக்கண்ணு ஏற்கெனவே ஒயரைக் கையில் எடுத்துவிட்டார். வாசல் சுவரில் ஒரு புதுப் பிளக் இருந்தது. அதைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை. அவர்கள் தெருவில் வோல்டேஜ் கம்மி. மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் ஏறும் என்று அவரே சொன்னார். அதாவது நாலு மணி நேரம்.

வண்டிக்குப் பக்கத்தில் வேப்ப நிழலில் இரண்டு நாற்காலி போட்டார்கள். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். நானும் அவரும் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். "முப்பத்தாறு ஆச்சி."

"ம்."

மறுபடி கொஞ்ச நேரம். "முப்பத்தேழு."

"ஆமா, முப்பத்தேழு" என்றேன். பதினோரு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நாற்பதில் மோர் வந்தது. நாற்பத்து மூன்றில் சோறு. கோழிக்குழம்பு. நாற்பத்தெட்டில் அவர் மெதுவாகக் கேட்டார். "ஏன் மாப்ள வராமயே இருந்துட்டீங்க?"

ஐம்பது ஆகட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னேன். "அந்த போட்டோ."

"எந்த போட்டோ?"

பதினோரு வருடமாக நான் பத்திரமாகக் காப்பாற்றி வந்த கோபம். இவருக்கு ஞாபகமே இல்லை. எடுத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "இதுக்கா? பந்தியில உங்களுக்கு வெறும் எலும்புத் துண்டா வெச்சிட்டாங்கன்னு நெனச்சினு இருந்தேன். பரிமாறின ஆள இந்தப் பதினோரு வருசமா நான் விசேசத்துக்கே கூப்படறது இல்ல" என்றார்.

பாவம் அந்த ஆள். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மாம்பழ நிறப் பட்டுப்புடவை. அந்துருண்டை வாசனை மூக்கைத் தூக்கியது. "கலை பத்தாவதுல பாஸ் பண்ணப்ப எடுத்தது. தாய்மாமன் சீர். வருசா வருசம் எடுத்து, மடிப்ப மாத்தி வெப்பேன். பத்திரிகை வராட்டிப் போவுது, மண்டபத்து வாசல்ல யார் கையிலயாவது குடுத்துட்டு வந்துடலாம்னு இருந்தேன்."

நான் வண்டியில் எண்ணைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். எண் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஐம்பத்தேழு என்று தெரிந்தது.

"மச்சான்" என்றேன். "வாசல்ல ஏன் நிக்கிறீங்க? மணவறைக்குப் பொண்ணக் கூட்டினு வர்றது யாரு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்று போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அப்புறம் எழுபது வந்தது தெரியாது. எழுபத்தைந்தில் வெண்ணிலா வந்து, "கெளம்பலாமா?" என்றாள். "எண்பது ஆவட்டுமே" என்றது நான்தான். அந்தத் தெருவின் வோல்டேஜுக்கும், பத்து நாளாகச் சார்ஜரை ரிப்பேராகவே போட்டு வைத்திருந்த ஓட்டல்காரருக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னேன். திரும்பும் வழியில் விழுப்புரத்தில் புனிதா வீடு திறந்திருந்தது. அவளுக்கும் பத்திரிகை வைத்தோம். வண்டியில் வெண்ணிலா என் கையின் மேல் தன் கையை ஒரு முறை வைத்தாள். நானும் நன்றி என்று சொல்ல நினைத்தேன். முப்பது வருடத்துப் பழக்கம், வாய் வரவில்லை. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

மறுநாள் காலை வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தேவாவின் கடைக்குப் பின்னால் நாலு பெட்ரோல் வண்டிகள் தூசி படிந்து நின்றன. முகூர்த்த மாசம், பெட்ரோல் வண்டியே இல்லை என்றீர்களே, இவை எப்போது வந்தன என்று கேட்டேன்.

தேவா மறுபடி தலையைச் சொறிந்தார்.

"அது எங்கியும் போவல சார். வெண்ணிலா அக்காதான் முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனாங்க. பெட்ரோல் வண்டி குடுத்தா சார் அஞ்சி நிமிசத்துல பத்திரிகைய நீட்டிட்டுக் கெளம்பிடுவாரு, இந்த வண்டிதான் அவர உக்கார வெக்கும்னு."