முதலாளியம்மாவோடு நான் கலிபோர்னியா போனது உண்மைதான்

அரிசோனா மாநிலம் மேசா நகரில் வாழும் பேரன்புக்குரிய பெவர்லி அக்காவுக்கு,

வேலி சிட்டியிலிருந்து உன் தம்பி ஆர்வின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஜாய்ஸும் சுகம். அங்கே உன் முழங்கால் வலி குறைந்திருக்கும், அத்தானும் கோல்ஃப் பந்தைத் தொலைக்காமல் விளையாடிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தை ஜாய்ஸ் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு தாங்காமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். "இந்த வயதில் உனக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று கேட்டிருக்கிறாய். பாதிரியாரிடம் பேசப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பேசாதே. அவருக்கு விஷயம் தெரியும்.

உன் போனில் ஜாய்ஸ் பதிவு செய்துவைத்த செய்தி இவ்வளவுதான்: "உங்க தம்பி முதலாளியம்மாவோட கலிபோர்னியா போயிட்டார். எப்ப வருவார்னு தெரியலை." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தேனீக்களைப் பற்றியும் அவள் சொல்ல ஆரம்பித்தாளாம், அதற்குள் உன் போன் துண்டித்துக்கொண்டது. அதனால் நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து படி, அத்தானுக்கும் படித்துக் காட்டு, அவர் இனிமேலாவது என்னைப் பற்றி உன்னிடம் கண்ணடித்துப் பேசாமல் இருக்கட்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். பிரெக்கே லாரி கம்பெனியில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். சர்க்கரை ஆலைக்காரரோ தேனீ வளர்ப்பவரோ லோடு தயார் என்று சொன்னால், வீட்டில் ஓய்வில் இருக்கும் டிரைவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உடனே வா என்பேன். அவர் வந்தே ஆக வேண்டும். அந்த அழைப்பு இன்று வருமா நாளை வருமா, காலையிலா மாலையிலா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெயர்தான் ஓய்வு. லேலண்ட் என்கிற டிரைவரை நான் கூப்பிட்டபோது அவன் பல் டாக்டரின் நாற்காலியில் படுத்திருந்தான், ஊசி போட்டு வாய் மரத்துப் போயிருந்தது. அவன் ஏதோ சொன்னான், நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னது வேறு ஏதோ என்று பிற்பாடு தெரிந்தது, அதை உனக்கு எழுத முடியாது. கேரல் என்கிற பெண் டிரைவரை அவளுடைய பிறந்தநாளன்றே கூப்பிட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது, ஊத இன்னும் மூச்சு இழுக்கவில்லை. கேக்கைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு மொன்டானா வரைக்கும் தனியாகத் தின்றுகொண்டே போனாள். சர்ச்சில் நான் கைக்குட்டை எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டால்கூட நாலு குடும்பங்கள் திரும்பிப் பார்க்கும். மளிகைக் கடையில் ஒரு டிரைவரின் மனைவி என்னைக் கண்டதும் கணவனை உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நான் வெண்ணெய் வாங்கத்தான் போயிருந்தேன்.

இப்படி இருந்தால் யார் தங்குவார்கள்? ஒவ்வொருவராகப் போனார்கள். லேலண்ட் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டான், பிள்ளைகள் கத்தினாலும் நேரத்துக்குக் கத்துகிறார்கள் என்றான். இன்னொருவன் காரணமே சொல்லாமல் லாரிச் சாவியை என் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான். ஆட்களைப் பிடித்துவைக்க வேண்டும் என்று எங்கள் முதலாளியம்மா மார்லிஸ், கம்பெனிப் பெயர் தைத்த நல்ல குளிர் கோட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். கோட்டை வாங்கிக்கொண்டு மேலும் இரண்டு பேர் போனார்கள். இப்போது ஊரில் எங்கே பார்த்தாலும் பிரெக்கே கோட்டுதான், உள்ளே இருப்பவர்கள் யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லை. மார்லிஸ் அம்மா கெட்டவர் இல்லை அக்கா. காலமான கணவரோடு சேர்ந்து ஒரே ஒரு லாரியில் தொழிலைத் தொடங்கியவர். ஆனால் தொழில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை.

கடைசியில் மிஞ்சியது கேரலும் டேலும்தான். டேல் எங்கென் உனக்கு நினைவிருக்கும், அதிகம் பேசாதவன், எந்தப் பனியிலும் லாரியை ஓரத்தில் இறக்காதவன். அவனுக்கும் மனைவி ரோண்டாவுக்கும் பிறந்த மகள் கிறிஸ்டினுக்கு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கல்யாணம். அந்த ஒரு நாளை மட்டும் வசந்த காலத்திலேயே கேட்டு வாங்கியிருந்தான். சுவர்க் காலண்டரில் நானே சிவப்பு மையில் பெரிதாக எழுதிவைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் தேனீக்கார வெர்ன் கிழவரிடமிருந்து போன் வருகிறது. நம் ஊர்த் தேனீக்கள் குளிர்காலத்தைக் கலிபோர்னியாவில்தான் கழிக்கும் என்று உனக்குத் தெரியும், அத்தானும் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடினவர்தானே. பெட்டிகளை அடுத்த வாரம் ஏற்றுவதாக இருந்தோம். ஆனால் மலைப் பக்கம் பெரும்பனி வருகிறதாம், இன்று சாயங்காலமே ஏற்றாவிட்டால் பாதை மூடிவிடும், தேனீக்கள் இங்கேயே விறைத்துப்போகும் என்றார். "யப்பா ஆர்வின், எனக்கு இருக்கிறதே இதுங்கதான்" என்றார். கேரல் அப்போது ஐடஹோவில் இருந்தாள். மார்லிஸ் அம்மா எதிர் மேஜையிலிருந்து, "டேலைக் கூப்பிடுங்க" என்றார்.

கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான். பின்னால் சிரிப்பும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்டன, சர்ச்சில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மெல்ல மெல்ல அந்தச் சத்தமெல்லாம் நின்றது.

"சொல்லுங்கண்ணே" என்றான். "ரோண்டா பக்கத்துலதான் நிக்கிறா. உங்க நம்பரைப் பாத்ததும் கையில இருந்த பூவைக் கீழ வெச்சுட்டா."

அக்கா, எத்தனை பேரை எத்தனை இடங்களிலிருந்து கிளப்பியவன் நான், அன்றைக்கு வாய் வரவில்லை.

"நாளைக்கு நீலக் கோட்டு போடறதா, பழுப்பு போடறதான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம், "பூவை எடுத்துக்கோ ரோண்டா" என்று அவன் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "நீலமே போடுங்கண்ணே" என்றான்.

போனை வைத்தேன். மார்லிஸ் அம்மா பேனாவை மூடினார்.

"வெர்னோட தேனீ என்ன ஆகுறது, ஆர்வின்?"

"டேல் கொண்டுபோவான், மேடம். கேட்டா இல்லைன்னு சொல்லமாட்டான். ஆனா திரும்பி வந்ததும் சாவியை இந்த மேஜை மேல வெச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் நான் யாருக்கு போன் பண்றது? என்னை அனுப்பிடணும்னா அனுப்பிடுங்க. அவனை நான் கூப்பிடமாட்டேன்."

வீட்டுக்குப் போய் ஜாய்ஸிடம் என்ன சொல்வது என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய பர்ஸை எடுத்தார்.

"என் லாரி லைசென்ஸ் இன்னும் உயிரோடதான் இருக்கு" என்றார். "உங்களுது?"

என்னுடையதும் உயிரோடு இருந்தது, அதுதான் வினை. பொழுது சாயும்போது வெர்னின் பெட்டிகளை ஏற்றி, மேலே வலை போர்த்திக் கட்டி, இருவரும் கிளம்பினோம். ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்கலாம் என்பது ஏற்பாடு. மார்லிஸ் அம்மா ஏறி உட்கார்ந்ததும் லாரி அவருக்கு அடங்கிய குதிரை மாதிரிப் போனது. நான் உட்கார்ந்ததும் திரும்புவதற்கு விளக்குப் போடுவதாக நினைத்து மழைத் துடைப்பானைப் போட்டேன். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. அவர் சர்ச் பாடகர் குழுவில் இருப்பவர், மொன்டானா முழுவதும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை நடந்தது. முதலாளியிடம் நிறுத்துங்கள் என்று யார் சொல்வது? டீசல் போட நின்ற இடத்தில், பக்கத்து லாரிக்காரன் வலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாதி துடைத்த கண்ணாடியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எப்படியோ உள்ளே வந்த ஒரு தேனீ, நான் ஓட்டும்போது என் காதில் உட்கார்ந்தது. "அசையாதீங்க, அது போயிடும்" என்றார் அம்மா. நான் அசையவில்லை, அதுவும் போகவில்லை. காது பன் மாதிரி வீங்கியது. நெவாடாவில் வெயில் வந்துவிட்டது. வெயிலில் லாரியை நிறுத்தினால் தேனீக்கள் வெளியே கிளம்பிவிடும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நானோ காலையில் பெரிய டம்ளர் காபி குடித்திருந்தேன். அந்த மாநிலம் எவ்வளவு நீளம் என்று வரைபடத்தில் பார்த்தால் தெரியாது அக்கா, எனக்குத் தெரியும்.

தேனீக்களை ஒரு குறையும் இல்லாமல் இறக்கினோம். வெர்னுக்குப் போன் செய்து சொன்னபோது கிழவர் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது. கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் மார்லிஸ் அம்மாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. காலி லாரியோடு திரும்புவானேன் என்று ஒரு கிடங்கில் உலர்திராட்சை லோடு கேட்டோம். "ரெடியா இருங்க, கூப்பிடறோம்" என்றார்கள். லாரிகள் நிற்கும் ஓர் உணவகத்தில் காத்திருந்தோம். அம்மா சூப் வாங்கி ஸ்பூனை எடுத்ததும் போன் வந்தது. அலறியடித்துக்கொண்டு கிடங்குக்குப் போனால், இப்போது இல்லை, அப்புறம் என்றார்கள். குளிக்கப் போனார், தலையில் சோப்பு நுரை இருக்கும்போது போன். போனால் மறுபடி இல்லை. மறுநாள் அவர் ஷூவைக் கழற்றவே இல்லை. பக்கத்து மேஜையில் யாருடைய போனோ அடித்தால் இவர் எழுந்து நின்றார். நாம் ஊர் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்று நான் பேச்செடுத்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு, போன் வரும்" என்றார். நான் வாயைத் திறக்காமல் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் மற்றவர் போனுக்காக நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது முறையும் ஏமாந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் மெல்லக் கேட்டார்.

"நம்ம ஆளுங்க வீட்ல இப்படித்தான் இருக்காங்களா, ஆர்வின்?"

"இதைவிட மோசம், மேடம். அவங்க வீட்ல பிள்ளைங்களும் இருக்கும்."

அவர் ஆறிப்போன சூப்பைத் தள்ளி வைத்தார். காலி லாரியோடே திரும்பினோம். மொன்டானா வந்தது, போனது, அவர் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை.

ஊர் வந்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? இருக்கிறவர்களையும் விட்டுப் போனவர்களையும் சேர்த்தே கூப்பிட்டு, காபியும் டோனட்டும் வைத்து, எழுந்து நின்று சொன்னார். இனி யார் எந்த நாளில் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முறை போட்டு ஒட்டப்படும். முறை இல்லாத நாளில் வானமே இடிந்து விழுந்தாலும் ஆர்வின் போன் செய்யமாட்டார். அவசரம் என்று யாராவது வந்தால் ஆபீஸில் இருப்பவர்கள் ஓட்டிக்கொள்வோம் என்றார். பள்ளிப் பேருந்திலிருந்து நேராக வந்திருந்த லேலண்ட், எங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே கையைத் தூக்கினான். "இப்ப என் வாய் மரத்துப் போகலை. சரின்னு சொன்னா சரின்னுதான் அர்த்தம். நான் வரேன்" என்றான். மார்லிஸ் அம்மா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தோம். இன்னும் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். சர்ச்சில் இப்போது நான் நிம்மதியாக மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு ஜாய்ஸ் மட்டும் போனாள். டேல் போனைக் காரிலேயே பூட்டிவைத்துவிட்டு மகளோடு ஆடினானாம், அவனுக்கு ஆடத் தெரியாதது யாருக்கும் பெரிதாகப் படவில்லையாம். நான் ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, என் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீலம் உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதும்.

ஆகவே அக்கா, உன் தம்பி கெட்டுப்போகவில்லை. முறைப் பட்டியல்படி நன்றி தெரிவிக்கும் திருநாள் வாரம் முழுக்க எனக்கு விடுமுறை, யாரும் தொட முடியாது. நானும் ஜாய்ஸும் விமானத்தில் செவ்வாய்க்கிழமை வந்து சேர்கிறோம். வான்கோழியை அத்தான் காய்ந்துபோக விடாமல் பார்த்துக்கொள். இரண்டு பேருக்கும் ஆண்டவர் நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும்.

உன் ஒழுக்கமான தம்பி,
ஆர்வின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மார்லிஸ் அம்மா கூப்பிட்டார். வெர்ன் எங்கள் புகழை ஊரெல்லாம் பரப்பிவிட்டாராம், அவர் நண்பர் ஒருவரின் தேனீக்களை அந்தத் திருநாள் வாரத்திலேயே அவசரமாக உங்கள் மாநிலத்து யூமாவுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். டேல், கேரல், லேலண்ட் எல்லோருக்கும் அந்த வாரம் விடுமுறை, அதைத் தொடக் கூடாது, ஆகவே ஆபீஸ்காரர்கள். விமானத்தில் ஜாய்ஸ் தனியாக வருவாள். நான் முதலாளியம்மாவோடு லாரியில் வருகிறேன், உன் வீடு வழியில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் நீயே எதையாவது சொல்லி வை. எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் கேட்காதே. போனைக் கையிலேயே வைத்திரு, கூப்பிடுகிறேன்.