ஐந்தாம் கட்டிலின் எடை

தராசு முள் இந்த முறையும் மேலேதான் போய் நின்றது.

“நூத்தி எழுபத்து மூணு ராத்தல்,” என்று படித்த நர்ஸ் சிவகாமசுந்தரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். நேற்றைவிட இரண்டு ராத்தல் கூடுதல்.

“மிசின் ரிப்பேரா இருக்கும், மிஸ்ஸி,” என்றார் தராசின் மேல் நின்ற பொன்னுதுரை.

பொன்னுதுரை காஜா பேராங் வட்டாரத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். இதயம் தளர்ந்து, கால் இரண்டும் வீங்கி, கடைக்குப் பின்தெருவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஐந்தாம் கட்டிலில் படுத்திருந்தார். கால்மாட்டில் தொங்கிய அட்டையில் டாக்டர் ராஜரத்தினம் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: உப்பு கூடாது. உப்பு உள்ளே போனால் உடம்பில் நீர் தங்கும். நீர் தங்கினால் இதயம் திணறும். நாற்பது வருஷம் உப்புக்குள்ளேயே கையை விட்டுப் பிழைத்த மனிதருக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தண்டனைதான்.

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் ஆறே நாள். வீக்கம் வடிந்தால் முப்பதாம் தேதி வீட்டுக்குப் போகலாம், மறுநாள் பாடாங் திடலில் கொடியேற்றம் பார்க்கலாம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் டாக்டர். சிவகாமசுந்தரிக்கும் ஒரு வாக்கு இருந்தது.

“இவரை நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டா, இந்த வார்டு உங்க பொறுப்பு. இல்லாட்டி, பழையபடி துணி ரூம்தான்.”

மூன்று வருஷம் துணி அறையில் படுக்கை விரிப்பு மடித்தவள் அவள். மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐந்தாம் கட்டிலை அவள் அவ்வளவு சுலபத்தில் விடுவதாக இல்லை.

முதலில் பிடிபட்டது பொன்னுதுரையின் மனைவி சாரதாம்பாள் கொண்டுவந்த அடுக்குச்சட்டி. சோற்றுக்கு அடியில் பொரித்த நெத்திலி கமகமத்தது.

“கை தவறி விழுந்திருக்கும், மிஸ்ஸி,” என்றாள் சாரதாம்பாள்.

“அறுபது நெத்திலியுமா கை தவறி விழுந்துச்சு? இனிமே வீட்டுச் சாப்பாடே வேணாம். இங்க குடுக்கிற உப்பில்லாக் கஞ்சிதான்.”

பொன்னுதுரை முகம் தொங்கிப்போனது. சாயங்காலம் கழுத்தைத் தடவிக்கொண்டு, “தொண்டை கரகரங்குது, மிஸ்ஸி,” என்றார். சாப்பாட்டை நிறுத்திய குற்ற உணர்ச்சி அவளுக்கும் இருந்தது. தானே வெதுவெதுப்பாகத் தண்ணீர் கலந்து, துப்புவதற்கு ஒரு கிண்ணமும் கொண்டுவந்து வைத்தாள்.

“நல்லாக் கொப்பளிங்க, ஐயா. சரியாயிடும்.”

மறுநாள் நூற்று எழுபத்து நான்கு.

இந்த முறை சிக்கியவர் பொன்னுதுரையின் கூட்டாளி ஷரீஃபுதீன். அவர் கொண்டுவந்த பத்திரிகையை உதறினாள். தலைப்புச் செய்திக்குள்ளிருந்து உப்பில் ஊறிய ஆசாம் பழங்கள் ஐந்தாறு உருண்டு ஓடின.

“சும்மா வாயில போட்டு ஒதுக்கிக்கிறதுக்கு,” என்றார் ஷரீஃபுதீன்.

பார்வையாளர்களுக்கும் தடை விழுந்தது. பொன்னுதுரையின் தொண்டை இன்னும் மோசமாயிற்று. கொப்பளிக்கிற தண்ணீரை நாளுக்கு மூன்று வேளையாக்கினாள்.

மறுநாள் நூற்று எழுபத்து ஆறு. அதைவிடக் கொடுமை, மனிதர் மதியக் கஞ்சியை ரசித்து வழித்துச் சாப்பிட்டார்.

“என்னமா இருக்கு! அப்துல் கைப்பக்குவமே தனி, மிஸ்ஸி!”

உப்பில்லாக் கஞ்சியை ஒருவர் பாராட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிவகாமசுந்தரி விறுவிறுவென்று சமையற்கட்டுக்குப் போனாள்.

“அஞ்சாம் கட்டில் கஞ்சியில உப்பு போடுறீங்களா?”

சமையல்காரர் அப்துலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நானா? இருபது வருஷமா இந்தக் கையால ஆக்கிப் போடுறேன்! இந்தாங்க உப்புச் சாடி. நீங்களே வச்சுக்குங்க! இனிமே அந்த வார்டுல ஒருத்தருக்கும் உப்பு கிடையாது. அப்பறம் சூசா, தொல்லைன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க!”

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. சாடியை வாங்கித் தன் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் மொத்த உப்பும் இப்போது அவள் கையில்.

மற்றப் பதினோரு கட்டில்காரர்களும் இரவுக் கஞ்சியில் வாய் வைத்ததும் கொதித்தெழுந்தார்கள்.

“இதைக் குடிக்கிறதுக்கு இதயம் நின்னே போயிடலாம்!” என்று கத்தினார் மூன்றாம் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மாணிக்கவாசகம்.

பொன்னுதுரை அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். ஆறுதல் சொல்கிறார் போலும், தங்கமான மனிதர், என்று நினைத்துக்கொண்டாள் சிவகாமசுந்தரி.

காலையில் மாணிக்கவாசகத்துக்குத் தொண்டை கட்டியது. பத்து மணிக்குள் ஏழு பேருக்கு. மதியத்துக்குள் வார்டு முழுக்கப் பஜனை கோஷ்டி மாதிரி ஒரே இருமல். சிவகாமசுந்தரி கால் தரையில் பாவாமல் ஓடினாள். டம்ளர் டம்ளராகக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், கொப்பளிக்கிற தண்ணீரை ஒரு வாளி நிறையக் கலந்து நடுவில் வைத்துவிட்டாள். ஒரே ஆறுதல், அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் கஞ்சி குடித்ததுதான்.

மாலையில் டாக்டர் வந்தார். தராசுக் கணக்கைப் பார்த்தார். பொன்னுதுரை நூற்று எழுபத்து எட்டு. மற்றவர்களிலும் பாதிப் பேருக்கு ஏற்றம். பன்னிரண்டு பேரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினார்கள்.

“இது தொத்து நோய், மிஸ்ஸி! வார்டை மூடணும். மெர்டேக்காவுக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. நீங்க நாளைக்கே துணி ரூமுக்குப் போயிடுங்க.”

பொன்னுதுரையின் இருமல் சட்டென்று நின்றது.

சிவகாமசுந்தரிக்கு அழுகை பொங்கிவிட்டது. “நான் என்ன குறை வச்சேன், டாக்டர்? வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினேன், பாக்க வர்றவங்களை நிறுத்தினேன், உப்புச் சாடியைப் பூட்டி வச்சேன். தொண்டைக்கு நானே என் கையால கலந்து, கேக்கும்போதெல்லாம் குடுத்தேனே!”

அந்த நேரத்தில், மார்பளவு உயரத்துக்குக் கிண்ணங்களை அடுக்கிச் சுமந்தபடி வார்டு ஆயா மல்லிகா உள்ளே வந்தாள்.

“இந்தத் துப்புற கிண்ணத்தையெல்லாம் ஸ்டோருக்கே திருப்பி அனுப்பிடவா, மிஸ்ஸி? நீங்க குடுக்கிற உப்புத் தண்ணிய இங்க ஒருத்தரும் துப்புறதில்ல, கஞ்சியிலதான் ஊத்திக்கிறாங்க.”