முப்பத்து மூன்றாவது வினாடியில் கைதட்டியவன்

பயம் வந்தால் மனிதர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். எனக்குக் கூடவே வாயும் திறந்துகொள்ளும். (இதை என் மனைவி திருமணத்துக்கு முன்பே கவனித்திருக்க வேண்டும்.)

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்குக்குப் புதிய இணையவழித் தொலைபேசிகள் பொருத்தினேன். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் சரியாக முப்பத்திரண்டாவது வினாடியில் இணைப்பு அறுந்தது. டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "ரெண்டு மணிக்குள்ள சரியாகலன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடுங்க லா." என் முதலாளியோ ஏற்கெனவே சொல்லியிருந்தார், "இன்னொரு கம்ப்ளெய்ன் வந்துச்சுன்னா, வேற வேலை பாத்துக்க." நாற்பத்தாறு வயதில் வேறு வேலை! பல் பிடுங்கும் நாற்காலியில் இருந்தவரைவிட எனக்குத்தான் அதிகப் பயம்.

கோளாறு ஓரளவு தெரிந்தது. அழைப்பை எடுத்ததும் இரண்டு பக்கமும் 'கிடைத்தது' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால், மறுமுனை சற்றுக் காத்திருந்துவிட்டுத் துண்டித்துவிடும். கருவிகளில் எந்த செட்டிங் தவறு என்று அறிய, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அழைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூச்சு விடாமல் பேசும் ஆள் வேண்டும். கிள்ளானில் என் சித்தி இருக்கிறார்.

"சேகரு! நல்ல வேள கூப்ட்ட. காலைல தோசைக்கு மாவு எடுத்து வெச்சேனா, பாத்தா சட்னிக்கு தேங்கா இல்ல, சரி பாசாருக்குப் போலாம்னா மழை…"

"ம்… சொல்லுங்க சித்தி." என் கண் கடிகாரத்தில். முப்பத்திரண்டு. டொக்.

சித்தி விட்ட இடத்திலிருந்து தொடர்பவர் அல்லர். "ஏண்டா கட் பண்ண? காலைல தோசைக்கு மாவு…" ஐந்து அழைப்பு. ஐந்திலும் மாவு, தேங்காய், மழை, டொக். (என் கைப்பேசி வேனில் கிடந்தது. முதலாளி கூப்பிடுவாரே!)

மணி ஒன்று ஐம்பது. அப்போதுதான் கண்ணில் பட்டது. ரௌட்டருக்குள் ஒரு வசதி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அழைப்போடு போகிற முகவரிகளையெல்லாம் மாற்றி எழுதி, அந்தப் பதிலைத் தொலைத்துக்கொண்டிருந்தது. (எங்கள் குடும்பத்திலும் இப்படிச் சிலர் உண்டு.) அணைத்தேன். ஆறாவது அழைப்பு.

மாவு. தேங்காய். மழை. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"…சித்தப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருடா!"

முப்பத்து மூன்று!

"சூப்பர் சித்தி! சூப்பர்!" கைதட்டினேன். டாக்டரம்மாவுக்குக் கட்டை விரலை உயர்த்தினேன். "அப்படித்தான்! நிறுத்தாதீங்க, இன்னும் சொல்லுங்க!"

சித்தி வாழ்நாளில் முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினார். ஐயோ, இப்போது குரல் வரவில்லையா என்று ரௌட்டரைப் பார்த்தேன்.

"கால் வீங்கி உக்காந்திருக்காருடா," என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போக ஆள் இல்லாம தவிக்கிறேன். நீ சூப்பருங்கிற."

வேலை தப்பியது. கிள்ளானுக்கு வேனில் பறந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்கு. "எப்படி விழுந்தீங்க அங்கிள்?" என்று தாதி கேட்டபோது அவர் என்னைக் காட்டினார். "அவனக் கேளும்மா. கைதட்டுனவன் அவன்தான்."

இப்போது குடும்பத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும், எனக்குத் தகவல் சொல்லும் உரிமை சித்தப்பாவுக்கே. "சேகரு, போனை ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு கையையும் கட்டிக்க. கட்டிட்டியா? இப்ப சொல்றேன்."

கட்டிக்கொள்கிறேன். வேறு வழி?