விடுதலைப் பிரகடனத்தைத் திருப்பி அனுப்பிய அண்ணனுக்கு

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டில் உள்ளவர்களும் நலம். தங்கள் நலத்தையும் கேட்பது மரபு, கேட்டுவிட்டேன்.

எங்கள் மாநிலம் தங்கள் நாட்டிலிருந்து பிரிந்து தனி நாடாகிறது என்று பிரகடனம் எழுதித் தலைநகருக்கு அனுப்பினோம். அது தலைமைச் செயலகத்தில் தங்கள் மேசைக்கே வந்து சேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்ததுதான் வந்தது, தம்பி எழுதியதாயிற்றே என்று ஓர் இரக்கம் வேண்டாமா? "நகல் மூன்று தேவை. சான்றொப்பம் இல்லை. உரிய வழியாக அனுப்புக" என்று பச்சை மையில் எழுதித் திருப்பிவிட்டீர்கள். எட்டாம் வகுப்பில் என் கட்டுரையை அப்பா பார்ப்பதற்கு முன்பே பிடுங்கித் திருத்திய அதே கை. அப்பாவின் கைக்கடிகாரம் உங்களுக்கு, நீங்கள் கழித்துப் போட்ட சட்டைகள் எனக்கு என்று ஆனதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதவில்லை.

பிரகடனத்துக்கு எதற்கு அனுமதி என்று என் மனைவியே கேட்டாள். "வீட்டை விட்டு ஓடுறவன் வாசல்ல நின்னு, ஓடட்டுமான்னு கேப்பானா?" அவளுக்கு அலுவலகம் தெரியாது. எங்கள் இயக்கத்தின் செயற்குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் அரசு வேலைதான் பழக்கம். முதல் வரைவை, கடைத் தராசுகளுக்கு முத்திரையிடும் ஆய்வாளர் எழுதினார். ஆவேசக்காரர், தீப்பொறி என்று பட்டப்பெயர். 'இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை' என்று தொடங்கியிருந்தார். தலைவர் ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர், கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்னய்யா இது, தெருச்சண்டை மாதிரி? பொருள் எங்க? பார்வை எங்க?" என்றார். பிறகு நான் எழுதினேன். 'பொருள்: விடுதலை வழங்கக் கோருதல் தொடர்பாக. மேற்படி மாநிலம் நெடுங்காலமாக அடிமைத்தளையில் உழன்று வருவதால், வரும் ஒன்றாம் தேதி முற்பகல் முதல் சுதந்திரம் வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' கைதட்டினார்கள், அண்ணா. குழுவிலுள்ள தட்டச்சர் அம்மா, "முற்பகல்னு போட்டீங்க பாருங்க சார், அங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக எனக்குக் கைதட்டல். ஒன்றாம் தேதி திடலில் மேடை போட்டு அதை நானே வாசிப்பது என்று தீர்மானமும் ஆயிற்று. அதற்குத்தான் தாங்கள் குறுக்கே நிற்கிறீர்கள்.

சான்றொப்பத்துக்கு அலைந்தேன். கடைசியில் தலைநகர் இங்கே நியமித்திருக்கும் ஆணையரிடமே போனேன். "பிரிஞ்சு போறீங்களா? சரி, வெச்சுட்டுப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். மூன்றாம் நாள் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மறுபடி அனுப்பினேன். முத்திரை தெளிவாக இல்லையென்று மறுபடி திருப்பினீர்கள். தீப்பொறி, "அனுமதியில்லாமலே வாசிச்சிடலாமே" என்றார். "அப்புறம் ஆடிட்ல கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றார் தலைவர். தீப்பொறி உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறையாகப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஐந்தே நாள்தான் இருக்கிறது. மேடையேறி வெறுங்கையோடு நான் இறங்க வேண்டுமா? பிறந்ததிலிருந்து உங்களிடம் எதையும் கேட்டதில்லை, கேட்டாலும் கொடுத்ததில்லை. ஒரு நாட்டையாவது கொடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், இனி அவர்கள் வெளிநாட்டுக் குழந்தைகள் என்பதால் ஆசி போய்ச்சேரச் சற்றுத் தாமதமாகலாம்.

ஒன்றாம் தேதி முற்பகல் வரை தங்களுக்குக் கீழ்ப்படியும்,
தம்பி.

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கள் ஆணை வந்துவிட்டது. 'இணைப்புகள் சரியாக உள்ளமையால் கோரியபடி வழங்கப்படுகிறது.' குழுவைக் கூட்டி வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. தட்டச்சர் அம்மா, "சார், ரெண்டாம் தேதி எனக்கு லீவு வேணும். இனிமே யாருக்கு எழுதணும்?" என்று கேட்டார். தீப்பொறிதான் வழி சொன்னார்: "பேசாம ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவோமா?" ஏகமனதாக நிறைவேறியது. 'பொருள்: வழங்கப்பட்ட விடுதலையை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.' வரைவு என்னுடையதுதான். முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். மேடைக்குச் சொல்லியாகிவிட்டதால், ஒன்றாம் தேதி நான் வாசிக்கப்போவது இதைத்தான். அவசியம் வாருங்கள். தலைநகர் அதிகாரி என்பதால் தங்களை மேடையிலேயே உட்கார வைக்கலாம் என்றார் தலைவர். எட்டுப் பேர் சரி என்றார்கள். நான் மட்டும் எதிர்த்து வாக்களித்திருக்கிறேன்.