பேய் சாரும் நிக்கல் வளையமும்

கோயமுத்தூரில் இரும்போடு பேசுகிறவர்கள் ஏராளம். இரும்பு சொன்ன பதிலைக் கேட்டு கண் கலங்கியவர் எங்கள் பேய் சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் போத்தனூர்ப் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். பம்புசெட் பாகங்கள் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, ஜெட் என்ஜினின் உடம்பைத் தாங்கும் நிக்கல் கலவை வளையம் ஒன்றைச் செய்து காட்டும் வாய்ப்பு வந்தது. தேறினால் பெரிய ஆர்டர். அதற்காக வேலைக்கு வைத்த உலோக என்ஜினியர்தான் பேய் சார். லேத்தில் கடையும்போது அந்த வளையம் அலறும். பிடியைத் தளர்த்தினால் யாரும் தொடாமலே வட்டம் கோணும். இவர் குனிந்து, "வலிக்குதுங்களா?" என்று அதனிடம் கேட்பார். பக்கத்தில் நின்ற லேத்காரர் மறுநாள் லீவு போட்டுவிட்டார்; 'பேய் சார்' என்ற பேரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, முதலாளியின் மொபெட்டுக்குக்கூடச் சந்தனம் குங்குமம். வளையத்துக்கு மட்டும் பேய் சார் காவல்.

"ஏனுங்க, இதுக்கு மட்டும் பொட்டு ஆகாதுங்களா?" என்றார் முதலாளியம்மா.

"குங்குமத்துல ஈயம் கீயம் கலந்திருந்தா, உலைச் சூட்டுல உள்ள எறங்கி விரிசல் உட்டுருமுங்கம்மா."

எல்லோரும் சிரித்தோம். பேய் சார் பொரி வாங்கத் திரும்பினார்.

உலையிலிருந்து வந்த வளையத்துக்கு விரிசல் சோதனை. சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய சாயம் வெளியே கசியும். முதலாளி குடும்பத்தோடு வந்து நின்றார். எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஓரிடம் மெல்லச் சிவந்தது.

"ஐயோ! நான் பொட்டு வெச்ச எடமுங்க அது! அப்பவே தொடச்சுப்போட்டனேங்க!" என்று முதலாளியம்மா கத்தினார்.

பட்டப்பகலில் நாங்கள் எல்லோரும் வளையத்தை விட்டு ஓரடி பின்வாங்கினோம்.

முதலாளிதான் முதலில் சுதாரித்தார். "முடியாட்டம் கோடுதானுங்க சார். தேச்சு மறைச்சு அனுப்பிப்போடலாம். மாட்டேன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க."

"மேல போறவிங்க எறங்கி வரோணுமில்லீங்க?" என்றார் பேய் சார். கிரைண்டரை எடுத்து வளையத்தைக் குறுக்கே அறுத்தார். அது போட்ட கூச்சலில் காக்கைகள்கூட மரத்தை விட்டுப் பறந்தன. அறுத்து முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர். அன்றோடு அவருக்கு வேலை போனது. எங்களுக்கு ஆர்டரும் போனது.

இப்போது மகளைப் பார்க்க அவ்வப்போது விமானம் ஏறுகிறேன். என்ஜின் உறுமத் தொடங்கியதும், இதைப் பரிசோதித்தவரும் அவரைப் போலொரு பைத்தியமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சாமியை அதற்கப்புறம்தான் கும்பிடுகிறேன்.