நாற்பத்திரண்டு டிகிரியும் பந்திங் இளநீரும்

பிரிக்பீல்ட்ஸ்,
திங்கட்கிழமை காலை, 1996.

பந்திங்கில் தென்னந்தோப்பும் பெரிய குரலும் உடைய மைத்துனர் பழனியப்பன் அவர்களுக்கு, ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் நேரம் தவறாமல் உழைத்து ஓய்வுபெற்ற தம்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை நல்லம்மாளும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் உங்கள் நலத்துக்கு மட்டும் வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை போன் போட்டு, "ஒரு இளநிய ஊத்தி ஆபரேசனையே நிறுத்திட்டீங்களே மாப்ளே, ஒங்களுக்கெல்லாம் எதுக்குப் பென்சன்" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்குமுன் போனை வைத்துவிட்டீர்கள். பதில் இதோ, பக்கத்து வீட்டு ஜெயராஜ் லோரியில் வருகிறது.

நல்லம்மாளுக்குக் குடல்வாலில் வந்த புற்றுநோய் வயிற்றின் உட்சவ்வு முழுக்கப் பரவியிருப்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் குணேஸ்வரி ஜப்பானில் போய்க் கற்றுக்கொண்டு வந்த புது வைத்தியம் இது. "கண்ணுக்குத் தெரியுற கட்டியெல்லாம் வெட்டி எடுத்துடுவோம் அங்கிள். தெரியாதது மணல் தெளிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். அதுக்குச் சூடான மருந்த வயித்துக்குள்ள ஊத்தி, தொண்ணூறு நிமிசம் மெசின்ல சுத்தவிட்டு வடிச்சிடுவோம்" என்றார். எத்தனை டிகிரி என்று கேட்டேன். நாற்பத்திரண்டாம். நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன் நான், சூடு என்றால் சும்மா விடுவேனா? சேஃப்டி வால்வு உண்டா, சூடு காட்டும் கேஜை யார் பார்ப்பார்கள், பம்பு நின்றால் இன்னொரு பம்பு உண்டா என்று கேட்டேன். மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர், நாலாவதாகக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், ஆன்டி இஞ்சின் இல்ல லா" என்றார். நல்லம்மாள் சிரித்துவிட்டாள். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததில்லை, அதனால் ஐந்தாவது கேள்வியையும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் நாற்பத்திரண்டு டிகிரி மண்டையை விட்டுப் போகவில்லை. காய்ச்சலில் நாற்பதைத் தொட்டாலே பிதற்றுகிறோம், இது வயிற்றுக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம். சூடு வரப்போகிறதென்றால் உடம்பை முன்கூட்டியே குளிரவைப்பதுதானே நம் வழக்கம்? மூன்று நாள் அவள் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன், ஊறவைத்த வெந்தயம் கொடுத்தேன், பஸ்ஸில் நீங்கள் அனுப்பிய ஆறு இளநீரில் ஐந்தை ஒழித்தேன். ஆறாவதுதான் வினையாய்ப் போச்சு. போன வியாழன் இரவு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மார்க்கிரட், பன்னிரண்டு மணிக்கு மேல் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்றார். விரதம்தானே, இது நமக்குப் புதுசா? நல்லம்மாள் எத்தனை கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரிலேயே இருந்திருக்கா, எந்த ஐயராவது விரதம் கெட்டுப்போச்சுன்னு சொன்னதுண்டா? வெள்ளி விடிகாலை ஆறு மணிக்கு அந்த இளநீரை ஊற்றிவைத்த ஃப்ளாஸ்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்த மெஷினை ஒரு தடவை பார்த்துவிட முடியுமா என்று தேடப் போனேன். பார்க்க விடவில்லை. திரும்பி வந்தால் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். மார்க்கிரட் கேட்டிருக்கிறார், உங்கள் தங்கை அரிச்சந்திரன் பரம்பரையாயிற்றே, இளநி குடிச்சேன் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் கத்தவில்லை மச்சான், கத்தியிருந்தால் தேவலை. "மயக்க மருந்து கொடுக்கறப்ப வயித்துல தண்ணி இருந்தா நுரையீரலுக்குள்ள ஏறிடும் அங்கிள், ஆளே போயிடுவாங்க. தண்ணி இறங்குறவரைக்கும் காத்திருந்து தொடங்க முடியாது, இது பத்து மணி நேர வேலை. அடுத்த வியாழக்கிழமதான் தியேட்டர் கிடைக்கும்" என்றார். ஒரு வாரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது என்றும் சொன்னார். அவர் சொல்லலாம். அந்த மணலில் இந்த ஆறு நாளில் ஒரு மணி கூடினாலும் அது என் கையால் கூடியதுதானே. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நாலு தடவை போய் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தேன். "இது என்ன, பாய்லரா?" என்கிறாள்.

அவளைப் பார்த்தால் ஆபரேஷன் எனக்குத்தான் என்று நினைப்பீர்கள். சனிக்கிழமை நீங்க திட்டி முடிச்ச சூட்டோட, கிள்ளானுக்கு ரயில்ல போவோம்னு நின்னா. அந்தப் பாதையில எத்தனை வருசம் கரி போட்டிருக்கேன், அவளப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு நாள் போனதில்ல. ஜன்னலோரம் உக்காந்துகிட்டா, கிள்ளான்ல இறங்கி மல்லிப்பூ வாங்கிக்கிட்டா, வாழையிலையில சாப்பிட்டா, அப்பளம் ரெண்டாவது கேட்டு வாங்கினா. பாவி மனுசன், நான் அதையும் ரசிக்காம அவ வயித்தையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

ஆகவே தாங்கள் புதன்கிழமை மாலைக்குள் வந்து சேரவும். அவளுக்குக் காவல் வேண்டியதில்லை, எனக்குத்தான் வேண்டும். வியாழன் காலை நான் ஃப்ளாஸ்க் பக்கம் போகாமல் கையைப் பிடித்துக்கொள்ளவும். வெறுங்கையோடு வரவும், உங்கள் தோப்புக் காய் மரத்திலேயே இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, பதினெட்டாம் படிக்கு மேல் இருக்கிற சாமிகளுக்கெல்லாம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தங்கள் மாப்பிள்ளை,
தம்புசாமி.

பி.கு.: அண்ணே, நல்லம்மா எழுதறேன். கவர ஒட்டி வைன்னு சொல்லிட்டு, லோரி வந்துருச்சான்னு பார்க்க மூணாவது தடவயா கீழ போயிருக்காரு. அந்த இளநிய நான் குடிக்கல. குடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கம் போனதும் பாத்ரூம்ல ஊத்திட்டேன். அப்புறம் கட்டிலத் தள்ளிக்கிட்டுப் போக ரெண்டு பேரு வந்து நின்னாங்க. மார்க்கிரட் கேட்டாங்க, குடிச்சேன்னு வாய் தானா சொல்லிருச்சு. பயந்துட்டேண்ணே. அவரோட இன்னும் நாலு நாள் இருக்கணும்னு இருந்துச்சு. வியாழக்கிழம போறேன், பயம் போகல, ஆனாலும் போறேன். கண்ணு முழிச்சதும் நானே அவர்கிட்ட சொல்லித் திட்டு வாங்கிக்கறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க. முழிக்கலேன்னா நீங்க சொல்லிடுங்க, நான் குடிக்கலேன்னு.